நேர்கோட்டைப் பொருத்துவதற்கு முன்: சிதறல் வரைபடத்தைப் படிக்கும் முறை

எந்த இரண்டு எண் வரிசைகளைக் கொடுத்தாலும் கணினி அவற்றின் ஊடே ஒரு நேர்கோட்டைப் பொருத்தித் தந்துவிடும். சாய்வு, வெட்டுத்துண்டு (கிடை மாறி பூஜ்யமாகும் இடத்தில் கோட்டின் உயரம்), ஒட்டுறவுக் கெழு (இரண்டு மாறிகளும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் எண்) என்று எல்லாவற்றையும் நான்கு தசம இடம் வரை அச்சிட்டும் காட்டும். அந்தப் புள்ளிகளுக்கு நேர்கோடுதான் ஏற்ற வடிவமா என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் பொறுப்பு தரவைக் கையில் வைத்திருப்பவருடையது. பாடநூல்கள் நேரியல் தொடர்புப் போக்கு என்றும் பலர் பேச்சுவழக்கில் லீனியர் ரிக்ரெஷன் என்றும் சொல்லும் முறையைப் புதிதாகக் கையாளத் தொடங்குபவர், கணக்கிடும் ஆணையைத் தருவதற்கு முன் ஒவ்வொரு இணை அளவையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சிதறல் வரைபடத்தில் எதை, எந்த வரிசையில் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படம் வரையாமல் எண்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973ஆம் ஆண்டு நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளைக் கொண்டு காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கிடை மாறியின் சராசரி 9, செங்குத்து மாறியின் சராசரி ஏறத்தாழ 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816; பொருத்தப்படும் கோட்டின் வெட்டுத்துண்டு 3, சாய்வு 0.5. வரைந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்: முதலாவது கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறிய கூட்டம், இரண்டாவது பிசிறில்லாத வளைவு, மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரு கோட்டில் கச்சிதமாக நிற்க, ஒரே ஒரு புள்ளி மேலே விலகி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது, நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்து வரிசையில் இருக்க, தொலைவில் நிற்கும் பதினோராவது புள்ளிதான் சாய்வு முழுவதையும் முடிவு செய்கிறது. நான்கில் முதலாவதற்கு மட்டுமே அந்தக் கோடு பொருள் உள்ளது.

எந்த மாறி எந்த அச்சில்?

வரைவதற்கு முன் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் எதைக் குறிக்கிறது, ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த அலகில் அளக்கப்பட்டது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளைப் பலமுறை அளந்து அத்தனை அளவுகளையும் தனித்தனி வரிகளாகப் பதிந்திருந்தால், அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை ஆகா. இதைப் படத்தால் காட்ட முடியாது. தரவு எப்படிச் சேகரிக்கப்பட்டது என்று விசாரித்தே அறிய வேண்டும்.

விளக்க விரும்பும் மாறி, அதாவது சார்ந்த மாறி, செங்குத்து அச்சில் வர வேண்டும். அதை விளக்கப் பயன்படும் மாறி கிடை அச்சில் வர வேண்டும். இது வெறும் மரபு அன்று. 1805ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையேயுள்ள செங்குத்துத் தொலைவை வர்க்கப்படுத்தி, அவற்றின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்குகிறது. அச்சுகளை மாற்றினால் எந்தத் தொலைவைக் குறைக்கிறோம் என்பதும் மாறி, வேறொரு கோடு கிடைக்கும்.

இதை உண்மையான எண்களில் பார்க்கலாம். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியை நிறுவினால் அதனுடன் சேர்ந்தே வரும் 'கார்ஸ்' என்ற தொகுப்பில், 1920களில் பதிவு செய்யப்பட்ட 50 அளவுகள் உள்ளன: காரின் வேகம், மணிக்கு மைல் கணக்கில், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரம், அடிக்கணக்கில். தூரத்தைச் சார்ந்த மாறியாக வைத்தால், வேகம் ஒரு மைல் கூடும்போது தூரம் 3.93 அடி கூடுகிறது என்று கோடு சொல்கிறது. அதே 50 புள்ளிகளில் வேகத்தைச் சார்ந்த மாறியாக வைத்து, கிடைத்த கோட்டைத் திருப்பிப் படித்தால், ஒரு மைலுக்கு ஏறத்தாழ 6 அடி என்று வருகிறது. இரண்டு கணக்கும் பிழையற்றவை. கேட்ட கேள்விகள்தான் வேறு. அச்சைத் தேர்ந்தெடுப்பது கேள்வியைத் தேர்ந்தெடுப்பது என்பதால், அதைப் படம் வரையும் நேரத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. இனிவரும் படிகளுக்கும் இந்தத் தொகுப்பையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். வாய்ப்பிருப்பவர்கள் உடன் வரைந்துகொண்டே படிக்கலாம்.

முதல் படம்: கோடு இல்லாமல்

ஆர் மொழியில் 'பிளாட்' ஆணையே போதும். மாறிகளைக் காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால் கிடை அச்சுக்குரியது முதலில் வரும். அலைக்குறி (~) இட்டு எழுதினால் சார்ந்த மாறி முதலில் வரும். புதியவர்கள் அச்சுகளை இடம் மாற்றிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எக்செல் பயன்படுத்துவோர் 'ஸ்கேட்டர்' வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'லைன்' வகையைத் தேர்ந்தெடுத்தால் கிடை அச்சின் எண்கள் வெறும் பெயர்ச்சீட்டுகளாகக் கருதப்பட்டுச் சம இடைவெளியில் அடுக்கப்படும், படம் பொய்யாகிவிடும். பைத்தானில் சீபார்ன் நூலகத்தின் 'ரெக்பிளாட்' புள்ளிகளோடு கோட்டையும் சேர்த்தே வரைந்து தருவதால் பலருக்கும் பிடித்தமானது. முதல் பார்வைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கோடு கண்முன் வந்துவிட்டால், புள்ளிகள் அந்தக் கோட்டைச் சுற்றி இருப்பதாகவே மனம் பார்க்கத் தொடங்குகிறது. வளைவையும் பிளவையும் கண் தவறவிடுகிறது.

அச்சின் வீச்சையும் கவனிக்க வேண்டும். பட்டை வரைபடத்தில் அச்சு பூஜ்யத்தில் தொடங்குவது அவசியம். சிதறல் வரைபடத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, புள்ளிகள் சட்டகத்தை ஓரளவு நிறைத்தாலே போதும். அதற்கு மாறாக, சட்டகத்தைப் பெரிதாக வைத்துப் புள்ளிகளை நடுவில் சுருக்கிவிட்டால் ஒரு மயக்கம் ஏற்படும். ஒட்டுறவு சிறிதும் மாறாமல் இருக்கும்போதே, அச்சின் வீச்சை அகலமாக்கிப் புள்ளிக் கூட்டத்தைச் சிறிதாக்கினால் பார்ப்பவர்கள் ஒட்டுறவைக் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்பதை கிளீவ்லேண்ட், டயகோனிஸ், மெக்கில் ஆகியோர் 1982இல் சோதனை மூலம் காட்டினர். ஆகவே இரண்டு படங்களை ஒப்பிடும்போது அச்சுகளின் வீச்சு ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

வடிவம்: நேரா, வளைவா?

படத்தைப் பார்த்தவுடன் பலரும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். திசையைவிட வடிவம் முக்கியம். கிடை அச்சை மனத்தில் மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் புள்ளிகளின் நடுப்பகுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நடுப்பகுதிகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் நேரியல் மாதிரிக்கு முதல் அனுமதி கிடைத்துவிட்டது. கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றால், 1979இல் வில்லியம் கிளீவ்லேண்ட் வெளியிட்ட லோவெஸ் முறையில் ஒரு மென்வளைவைப் போடலாம்; அது ஒவ்வொரு பகுதியிலும் அருகிலுள்ள புள்ளிகளை மட்டும் கொண்டு போக்கைக் கணிப்பதால், நேர்கோடாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வற்புறுத்துவதில்லை. இரு ஓரங்களிலும் புள்ளிகள் குறைவு என்பதால் அந்த இடங்களில் வளைவு தடுமாறும். அதற்கு அதிகப் பொருள் கற்பிக்க வேண்டாம்.

கார் தொகுப்பில் ஒட்டுறவு 0.81. எண்ணை மட்டும் பார்த்தால் மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் கோட்டின் வெட்டுத்துண்டு −17.58; வேகம் 4 மைல் என்று இட்டுப் பார்த்தால், கார் −1.85 அடியில் நிற்கும் என்று விடை வருகிறது! தரவுக்கு வெளியே சென்று கேட்ட கேள்வி அன்று இது. 4 மைல் வேகத்தில் அளந்த இரண்டு கார்கள் தொகுப்பிலேயே உள்ளன, ஒன்று 2 அடியிலும் மற்றொன்று 10 அடியிலும் நின்றன. படத்தை உற்றுப் பார்த்தால் காரணம் புரியும். 15 முதல் 20 மைல் வரையிலான நடுப்பகுதியில் பெரும்பாலான புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. 24 மைலில் உள்ள நான்கு புள்ளிகளில் மூன்று கோட்டுக்கு மேலே எழுந்து நிற்கின்றன. இடது கோடியிலும் புள்ளிகள் மேலேயே இருக்கின்றன. இரு ஓரங்களிலும் மேலே, நடுவில் கீழே என்றால் அது மேல்நோக்கித் திறந்த மென்மையான வளைவு.

அந்த வளைவு வியப்புக்குரியதும் அன்று. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பிரேக் அந்த ஆற்றலைத் தீர்க்க வேண்டிய தூரமும் அப்படியே கூடும். ஆகவே இங்கு இயற்பியல் எதிர்பார்த்ததைத்தான் படமும் காட்டுகிறது. துறை அறிவும் படமும் இப்படி ஒரே பக்கம் சுட்டும்போது, ஒட்டுறவுக் கெழுவின் பாராட்டைக் கேட்டு அசர வேண்டியதில்லை.

பரவல்: எல்லா இடத்திலும் ஒரே அகலமா?

வடிவத்துக்கு அடுத்ததாகப் புள்ளிக் கூட்டத்தின் அகலத்தைப் பாருங்கள். சாய்வு போன்ற மதிப்பீடுகள் எவ்வளவு துல்லியமானவை என்று சொல்லும் வழக்கமான திட்டப்பிழைகளும் நம்பிக்கை இடைவெளிகளும், கோட்டைச் சுற்றிய சிதறல் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டவை. கார் தொகுப்பில் 10 மைல் வேகத்தில் தூரங்கள் 18 முதல் 34 அடி வரை; 24 மைலில் 70 முதல் 120 அடி வரை. இடமிருந்து வலமாக விசிறி போல விரிகிறது. இவ்வாறு விரியும்போது கோட்டின் சாய்வு ஓரளவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதனுடன் வரும் திட்டப்பிழையை அப்படியே நம்ப முடியாது.

வளைவும் விரிவும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அதனால் பல நேரங்களில் இரண்டுக்கும் ஒரே மருந்து போதுமானதாகிறது: சார்ந்த மாறியை வர்க்கமூலம் அல்லது மடக்கை எடுத்து மீண்டும் வரைவது. கார் தொகுப்பில் தூரத்தின் வர்க்கமூலத்தைச் செங்குத்து அச்சில் வைத்தால் வளைவு நிமிர்கிறது, விசிறியும் பெருமளவு சுருங்குகிறது. கோடு 1.277 + 0.322 × வேகம் என்று கிடைக்கிறது. 4 மைலுக்கு விடையை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 6.6 அடி, அதாவது அளந்த 2 அடிக்கும் 10 அடிக்கும் நடுவில். இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் மாதிரியின் தீர்மானக் கெழு (சார்ந்த மாறியின் ஏற்ற இறக்கத்தில் கோடு விளக்கும் பங்கு) 0.65, இரண்டாவதினுடையது 0.71, ஆகவே இரண்டாவது மேல் என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த இரண்டு எண்களும் வெவ்வேறு சார்ந்த மாறிகளைப் பற்றியவை, ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் படத்திலும் இயற்பியலிலும் இருக்கிறது, அந்த 0.06இல் இல்லை. மேலும், வர்க்கமூல அளவில் கணித்த விடையைத் திரும்ப வர்க்கப்படுத்தும்போது கிடைப்பது சராசரித் தூரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மடக்கை எப்போது? மதிப்புகள் எல்லாம் நேர்மறையாக இருந்து, சிறியதற்கும் பெரியதற்கும் பத்து, நூறு மடங்கு வேறுபாடு இருந்து, புள்ளிகளில் பெரும்பகுதி இடது கீழ் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், இரு அச்சுகளையும் மடக்கை அளவுக்கு மாற்றிப் பார்ப்பதே முதல் முயற்சியாக இருக்கட்டும்.

இடையில் ஒன்று: பல புதியவர்கள் ஒவ்வொரு மாறிக்கும் ஹிஸ்டோகிராம் வரைந்து, அது மணி வடிவத்தில் இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். விளக்கும் மாறி இயல்நிலைப் பரவலில் இருக்க வேண்டும் என்று இந்த முறை கேட்பதே இல்லை. அந்த நிபந்தனை எச்சங்களுக்கு, அதாவது புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் இடையேயுள்ள செங்குத்து வேறுபாடுகளுக்கு, உரியது; அதுவும் புள்ளிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியது.

தனித்து நிற்கும் புள்ளிகள்

விலகி நிற்கும் புள்ளிகள் இருவகை. ஒன்று, கிடை அச்சில் மற்றவற்றோடு சேர்ந்தே இருந்து, செங்குத்தாக மட்டும் விலகுவது. மற்றொன்று, கிடை அச்சிலேயே வெகுதூரம் தள்ளி நிற்பது. முதல் வகை கோட்டைச் சற்று மேலோ கீழோ நகர்த்தும். இரண்டாவது வகை நெம்புகோலின் நுனியைப் பிடித்தது போலச் சாய்வையே மாற்றிவிட வல்லது, மேலும் கோடு அதை நோக்கி வளைந்துகொடுப்பதால் அதன் எச்சம் சிறியதாகவே தோன்றும். எச்சங்களின் பட்டியலைத் தேடினால் அகப்படாத இத்தகைய புள்ளி, சிதறல் வரைபடத்தில் ஒரே பார்வையில் தெரியும்.

புள்ளியைக் கண்டதும் நீக்கிவிடக் கூடாது. முதலில் அது பதிவுப் பிழையா என்று பாருங்கள்: விடுபட்ட மதிப்புக்குப் பதிலாக 999 அல்லது −99 என்று இடும் வழக்கம் பரவலானது, அலகு மாறிப் பதிவாவதும் உண்டு. பிழை என்று உறுதியானால் திருத்தலாம். பிழை இல்லையென்றால், அந்தப் புள்ளியோடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் கோட்டைப் பொருத்தி, இரண்டு சாய்வுகளையும் சேர்த்தே தெரிவிப்பதுதான் நேர்மையான வழி. இரண்டும் பெரிதாக வேறுபடவில்லை என்றால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

கொத்துகளும் கலந்த குழுக்களும்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பற்றிய தொகுப்பும் ஆர் மொழியுடன் வருகிறது. 272 பீச்சல்கள், ஒவ்வொன்றும் நீடித்த நேரம், அடுத்ததற்குக் காத்திருந்த நேரம். ஒட்டுறவு 0.90. வரைந்து பார்த்தால் ஒரே நீண்ட கூட்டம் இல்லை, இரண்டு தனிக் கொத்துகள் இருக்கின்றன: இரண்டு நிமிடம் அளவிலான குறும்பீச்சல்கள் ஒன்று, நான்கரை நிமிடத்தைச் சுற்றிய நெடும்பீச்சல்கள் மற்றொன்று. உயர்ந்த ஒட்டுறவின் பெரும்பகுதி இந்த இரு கொத்துகளுக்கு இடையேயுள்ள தொலைவிலிருந்தே வருகிறது. அடுத்த பீச்சலைக் கணிப்பதற்கு அந்தக் கோடு உதவும். ஆனால் இரு கொத்துகளுக்கும் நடுவில், புள்ளிகள் அருகிய மூன்று நிமிடப் பகுதியைப் பற்றிக் கோடு சொல்வதை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழுக்கள் கொத்தாகப் பிரியாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எட்கர் ஆண்டர்சன் திரட்டி, 1936இல் ரொனால்ட் ஃபிஷர் பயன்படுத்தியதால் புகழ்பெற்ற ஐரிஸ் மலர்த் தொகுப்பில் மூன்று இனங்கள், இனத்துக்கு 50 மலர்கள். 150 மலர்களையும் ஒன்றாகப் போட்டு, புல்லி இதழின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒட்டுறவு கண்டால் −0.12; நீளம் கூடினால் அகலம் சற்றுக் குறைகிறது என்று பொருள்படும். இனத்துக்கு ஒரு நிறம் கொடுத்து வரைந்து, தனித்தனியே கணக்கிட்டால் 0.74, 0.53, 0.46. மூன்று இனங்களிலும் நீளம் கூடும்போது அகலமும் கூடுகிறது! குறியே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே அட்டவணையில் ஆண்டு, வகை, கருவி, அளந்தவர் என்று எந்த வகைப்பாட்டு நெடுவரிசை இருந்தாலும், அதைக் கொண்டு புள்ளிகளுக்கு நிறமிட்டு ஒருமுறையாவது வரைந்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

புள்ளிகள் மிகுந்துவிட்டால்

ஆர் மொழியில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்போடு வரும் வைரங்களின் தரவில் 53,940 வரிகள். அப்படியே வரைந்தால் கருப்புத் திட்டுதான் மிஞ்சும். எங்கே அடர்த்தி என்பதே தெரியாது. புள்ளிகளைச் சிறிதாக்கி, ஒளிபுகும்படி நிறத்தை மெலிதாக்குவது முதல் வழி. அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிக்கைக்கேற்ப நிறமிடுவது அடுத்தது. மதிப்புகள் முழு எண்களாக மட்டுமே இருந்து புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், வரைவதற்காக மட்டும் சிறு நடுக்கம் கொடுத்து அவற்றை விலக்கலாம். கணக்கிடுவதற்குப் பழைய மதிப்புகளையே பயன்படுத்த வேண்டும்.

கண் வரையும் கோடும் கணக்குக் கோடும்

எல்லாம் சரியாக இருக்கிறது, கூட்டம் நீள்வட்ட வடிவில் அழகாகச் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோட்டை வரையச் சொன்னால், பலருக்கு அது பிழையாகத் தோன்றும். வேண்டிய அளவுக்குச் செங்குத்தாக இல்லையே என்பார்கள். நம் கண் நீள்வட்டத்தின் நெட்டச்சைத் தேடுகிறது. மீச்சிறு வர்க்கக் கோடோ, ஒவ்வொரு செங்குத்துக் கீற்றிலும் உள்ள புள்ளிகளின் சராசரியைத் தொட்டுக்கொண்டு போவதால், நெட்டச்சைவிடப் படுத்தே இருக்கும். இதை முதலில் தெளிவாகக் கண்டவர் பிரான்சிஸ் கால்டன். 1886இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 205 பெற்றோர் இணைகளும் அவர்களின் வளர்ந்த 928 பிள்ளைகளும் இருந்தனர். பெற்றோரின் சராசரி உயரம் பொதுச் சராசரியிலிருந்து விலகும் அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் காணப்பட்டது. சராசரியை நோக்கித் திரும்பும் இந்தப் போக்கிலிருந்துதான் ரிக்ரெஷன் என்ற ஆங்கிலப் பெயரே வந்தது. எனவே கோடு படுத்திருப்பதாகத் தோன்றுவது மென்பொருளின் தவறு அன்று.

பல மாறிகள் இருந்தால், பின்னர் எச்சங்கள்

விளக்கும் மாறிகள் மூன்று நான்கு இருந்தால், எல்லா இணைகளையும் ஒரே சட்டகத்தில் காட்டும் சிதறல் வரைபட அணி வசதியானது. ஆர் மொழியில் 'பேர்ஸ்' ஆணை அதைத் தரும். சார்ந்த மாறியின் வரிசையைப் பார்த்தபின், விளக்கும் மாறிகள் தமக்குள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்பதையும் கட்டாயம் பாருங்கள். இரண்டு மாறிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றால், அவற்றின் தனித்தனிச் சாய்வுகளை நம்பகமாகப் பிரித்தறிய முடியாது. இணைப் படங்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. மற்ற மாறிகளின் பங்கை விலக்கியபின் எஞ்சும் தொடர்பை அவை காட்டுவதில்லை. ஐரிஸ் மலர்களைப் போல, அது எதிர்த்திசையில்கூட இருக்கலாம்.

கோட்டைப் பொருத்தியபின் எச்சங்களைச் செங்குத்து அச்சிலும், கணித்த மதிப்புகளைக் கிடை அச்சிலும் வைத்து இன்னொரு சிதறல் வரைபடம் வரையுங்கள். சாய்வு நீங்கிவிடுவதால் மிஞ்சிய வளைவும் விசிறியும் பெரிதாகத் தெரியும். முதல் படத்தில் சந்தேகமாக இருந்தது இங்கே உறுதியாகும். உருவமற்ற கூட்டமாகத் தெரிந்தால் மேலே செல்லலாம். ஏதேனும் வடிவம் தெரிந்தால் மாற்றியமைத்து மீண்டும் முதல் படத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து மாதிரியை மாற்றுவதில் ஒரு விலை இருக்கிறது. பல வடிவங்களை முயன்று, கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு, அதே தரவிலேயே பொருளுண்மைச் சோதனை (கண்ட தொடர்பு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் சோதனை) நடத்தினால், வரும் எண்கள் உண்மையைவிட நம்பிக்கையூட்டுவதாக இருக்கும். தரவு போதிய அளவில் இருந்தால், தொடக்கத்திலேயே ஒரு பகுதியை எதேச்சையாகப் பிரித்துப் படத்தில்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டு, முடிவான மாதிரியை அதில் சோதியுங்கள். அவ்வளவு தரவு இல்லையென்றால், எத்தனை வடிவங்களை முயன்றீர்கள், எந்தப் புள்ளியை ஏன் நீக்கினீர்கள் என்பதை முடிவுகளோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.